அர்த்தமற்றவை: இரண்டு

அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் இரண்டு லிப்ட் உண்டு. ஒன்று ஓடும். இன்னொன்று, ஓடுகிற லிப்ட்டுக்கு உதிரிபாகம் கொடுத்துக் கொடுத்தே ஓட்டாண்டியாகி, நான்கு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. பதினெட்டு வருடமாக இவற்றைக் கட்டி மேய்க்கிறவர் மெக்கானிக். தரைத்தளத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் அவருக்கு ஒன்றரை அறை வீடு. அதில் அவரும், தையல் வேலை செய்யும் அவர் மனைவியும், மனைவியின் தையல் மிஷினும் குடியிருக்கிறார்கள். இடம் போதாதபோது வெளியே போகிறவர் மெக்கானிக்தான்.

வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்று, மெக்கானிக் தன் கருவிகளையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மொட்டைமாடி மிஷின் ரூமில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து வரிசையாக அடுக்குவார். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், மேலே ஒரு பூ. கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டால், மறுநாள் காலைவரை ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடமாட்டார். காலையில் எடுத்து, ஒரு நட்டை முடுக்குகிற அளவுக்காவது வேலை செய்துவிட்டுத்தான் பல்லில் பச்சைத் தண்ணீர் படும். மொத்தம் இருபது நிமிட விவகாரம். எதற்கு இதெல்லாம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

இந்த வருடம் கேட்டார்கள்.

கட்டடத்தின் ஏழாவது மாடிக்கு விழா அர்த்த நிர்ணய ஆணையம் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஜனங்கள் அர்த்தம் தெரியாமலேயே விழாக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ பெரிய இடத்தில் கவலைப்பட, அந்தக் கவலைக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு நிபுணர், நாற்பத்திரண்டு நாற்காலிகள், ஒரு ரப்பர் முத்திரை ஆகியவை ஒதுக்கப்பட்டன. விளக்கேற்றுகிற விழாவோ, வண்ணம் பூசுகிற விழாவோ, பொதுக் கட்டடத்தில் நடக்க வேண்டுமானால் அதன் அர்த்தத்தை முன்கூட்டியே பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாத மகிழ்ச்சி செல்லாது.

மாடி மாடியாக டீ கொண்டுபோகிற அக்காதான் முதலில் பார்த்துச் சொன்னார். "தம்பி, லிப்ட் கதவுல உனக்கு ஏதோ ஒட்டியிருக்காங்க. படிச்சேன். படிச்சதுல இருந்து தலைவலி."

மெக்கானிக் ஏழாவது மாடிக்குப் போனார். படிவம் பன்னிரண்டைக் கையில் கொடுத்தார்கள். விழாவின் பெயர். விழாவின் அர்த்தம், நாற்பது சொற்களுக்குள். துணை அர்த்தம். உள்ளர்த்தம் இருப்பின் தனித்தாளில் இணைக்கவும். அர்த்தம் நடைமுறைக்கு வந்த தேதி. மெக்கானிக் பேனாவை ஸ்பானர் பிடிக்கிற மாதிரி பிடித்து, "வருடம் முழுக்க உழைத்த சாமான்களுக்கு ஒரு நாள் ஓய்வு" என்று எழுதிக் கொடுத்தார்.

செயலாளர் எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பவர். முதல் தடவை தப்பு கண்டுபிடிக்க, இரண்டாவது தடவை அதை ரசிக்க. இதையும் இரண்டு தடவை படித்தார்.

"ஓய்வுன்னு போட்டிருக்கீங்க. ஓய்வு, லீவு எல்லாம் பணியாளர் பிரிவு பாக்குறது. எங்க வரம்புல வராது."

"அப்ப என்னங்க எழுதணும்?"

"அர்த்தம் எழுதணும்."

"அதத்தாங்க எழுதியிருக்கேன்."

"இது காரணம். காரணம் யாருக்கு வேணா புரியும். அர்த்தம் அப்படி இல்ல."

மெக்கானிக் படிவத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகளுக்கு நடுவே விஷயத்தைக் கேட்டாள்.

"நன்றின்னு எழுதுங்க. நன்றிய யாரு வேணாம்னு சொல்வாங்க?"

அதையும் எழுதிக்கொண்டு போனபோது செயலாளர் சொன்னார். "நன்றின்னா ரெண்டு தரப்பு இருக்கணும். நீங்க சொல்றீங்க, சரி. ஸ்பானர் அத ஏத்துக்கிட்டதுக்கு ஒப்புகை இருக்கா?"

"அது இரும்புங்க."

"அப்ப அது மறுக்கலன்னு எடுத்துக்கறதா, இல்ல இன்னும் பதில் வரலன்னு எடுத்துக்கறதா?" செயலாளருக்கே அது சிக்கலாகத் தெரிந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நிபுணருக்கு அனுப்பிடறேன். நாளைக்குக் கருவிங்க எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. அவர் பாத்து அர்த்தம் போட்டுக் கொடுத்துடுவார்" என்றார்.

நிபுணர் எதைப் பார்த்தாலும் அதில் அர்த்தம் கண்டுவிடுகிறவர். போன மாதம் ஆணையத்தில் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்து, இது உறைந்துபோன காலம் என்று சொல்லி, அதை ரிப்பேர் செய்யவிடாமல் நிறுத்திவிட்டார். அதற்கு அடியில் உட்காருகிற டைப்பிஸ்ட் அம்மா, உறைந்த காலத்தின் கீழே வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் காலை, பச்சைத் துணி விரித்த மேஜையில் மெக்கானிக் இருபத்துநான்கு கருவிகளையும் அடுக்கினார். நிபுணர் ஒரு ஸ்பானரை இரண்டு விரலால் தூக்கினார்.

"ரெண்டு பக்கமும் வாய் திறந்திருக்கு பாருங்க. ஒண்ணு இன்பம், ஒண்ணு துன்பம்."

"அது பன்னெண்டும் பதிமூணுங்க" என்றார் மெக்கானிக்.

"அதேதான். பன்னெண்டு இன்பம், பதிமூணு துன்பம். எப்பவும் துன்பம்தான் ஒரு சுத்து பெருசு." செயலாளர் எழுதிக்கொண்டார்.

டெஸ்டரைப் பார்த்ததும் நிபுணருக்குக் குரல் தழுதழுத்தது. "உள்ளுக்குள்ள ஒளி. ஞானம்."

"கரண்ட் இருந்தாத்தாங்க எரியும்."

"ஞானமும் அப்படித்தான்."

இப்படி இருபத்திரண்டு கருவிகளுக்கு அர்த்தம் வழங்கப்பட்டது. எண்ணெய்ப் புட்டி கருணை. அளவு டேப் ஆயுள். மிஷின் ரூம் சாவி முக்தி. லிப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவி மும்மூர்த்திகள். இருபத்துமூன்றாவதாக நிபுணர் கையில் எடுத்தது ஒரு பழைய பல் பிரஷ். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது என்ன?"

"பல் பிரஷுங்க. லிப்ட் கதவு ஓடுற பள்ளம் இருக்குல்ல, அதுல தூசி அடைஞ்சுக்கும். வேற எது போட்டுக் குத்தினாலும் வராது. இதால தேச்சாத்தான் கதவு முழுசாச் சாத்தும். கதவு முழுசாச் சாத்தலன்னா லிப்ட் நகராது."

"இதுக்கு ஆதாரம் எதுலயும் இல்ல" என்றார் நிபுணர் வருத்தத்தோடு. தன் வாழ்நாளில் அவர் அர்த்தம் காணாமல் கீழே வைத்த முதல் பொருள் அதுதான்.

இருபத்துநான்காவது, பெரிய ஸ்பானர். முழங்கை நீளம். கைப்பிடி நடுவில் வளைந்து கோணியிருந்தது. நிபுணர் அதைத் தொடவே இல்லை.

"கோணல். கோணலான பொருள் மங்களத்துக்கு ஆகாது. இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க. புதுசுக்கு அர்த்தம் சுலபமா அமையும்."

மெக்கானிக் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த ஸ்பானர் கோணியது பதினோரு வருடம் முன்னால். மிஷின் ரூமில் பெரிய சக்கரத்துக்கும் கம்பிவடத்துக்கும் நடுவில் இரண்டு கையையும் விட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது பிரேக் நழுவியது. சக்கரம் ஒரு கால் சுற்றுச் சுற்றியது. பக்கத்தில் வைத்திருந்த இந்த ஸ்பானர் சக்கரத்தோடு இழுபட்டுப் போய், சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் மாட்டி, வளைந்து, நின்றது. சக்கரமும் நின்றது. மெக்கானிக் கைகளை உருவி வெளியே எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். இது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். ஆயுத பூஜை அன்று அவர் முதல் பொட்டு வைப்பது அந்த ஸ்பானருக்குத்தான். அதற்கு ஒரு பூ வைக்க முடியாமல் போனால், மிச்சம் இருபத்துமூன்றுக்கும் பூமாலையே சாத்தினாலும் அவருக்கு அது பூஜை இல்லை.

இதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். படிவம் பன்னிரண்டில் இதற்கு எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

செயலாளர் இரண்டு அட்டவணை தயாரித்தார். அட்டவணை அ, அர்த்தமுள்ளவை: இருபத்திரண்டு. அட்டவணை ஆ, அர்த்தமற்றவை: இரண்டு. இருபத்திரண்டும் டூல்பாக்ஸுக்குள் போய், அதன் மேல் அரக்கு முத்திரை விழுந்தது. அர்த்தமற்ற இரண்டையும் மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"நாளைக்கு விழா. நாளன்னைக்குக் காலைல பத்து மணிக்குத் தலைவர் கையெழுத்துப் போட்டு விடுவிப்பார். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. தொட்டா அர்த்தம் ரத்து. மூணு வருஷத்துக்கு நீங்க விழாவே கொண்டாட முடியாது" என்றார் செயலாளர்.

"அதுக்குள்ள லிப்ட்ல ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது. விழா முடியறவரைக்கும் எதுவும் ஆகக்கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டிருக்கோம்."

அன்று சாயங்காலம் மெக்கானிக் அந்த இரண்டையும் மனைவியின் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு அட்டவணையை நீட்டினார். அவள் அட்டவணையை வாங்கிப் படித்தாள்.

"கோணலாமா? அது கோணினதாலதான உங்க கை நேரா இருக்கு. படிச்சவங்கதானே இவங்க."

மறுநாள் காலை வீட்டிலேயே பூஜை நடந்தது. தையல் மிஷின், கத்தரிக்கோல், அவளுடைய இஞ்ச் டேப், பக்கத்தில் கோண ஸ்பானர், பல் பிரஷ். மெக்கானிக் முதல் பொட்டை ஸ்பானருக்கு வைத்தார். பல் பிரஷுக்குப் பொட்டு வைக்க இடம் குறைவு. மனைவி தீக்குச்சி நுனியால் தொட்டு, அதன் முதுகில் ஒரு கடுகளவு சந்தனமும், அதன் மேல் இன்னும் சின்னதாகக் குங்குமமும் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். மெக்கானிக்குக் கண் நிறைந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது. சான்றிதழ் இல்லாமல்தான் இறங்கியது.

மேலே விழா பதினோரு மணிக்கு. சான்றிதழின் நான்காவது பிரிவுப்படி, வாழ்வின் எல்லாப் படிநிலைகளிலும் மலர் தூவ வேண்டும் என்று நிபுணர் எழுதியிருந்தார். படிநிலை என்றால் மாடி என்று செயலாளர் விளக்கம் கொடுத்தார். ஆகவே ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் வாசலில் ஒரு கூடை சாமந்தி இதழையும், மங்களத்துக்காக ஒரு பை ஜிகினாத் தூளையும் கொட்டிக்கொண்டே போனார்கள். மெக்கானிக் பின்னாலேயே ஓடினார்.

"ஐயா, கதவுப் பள்ளத்துல பூ விழுந்தா கதவு சாத்தாது."

"அதுக்காக நாலாவது பிரிவ நீக்கிட முடியுமா?" என்றார் செயலாளர்.

ஏழாவது மாடி அரங்கில், மேடைக்கு நடுவே, மாலை போட்டு டூல்பாக்ஸ் வீற்றிருந்தது. பக்கத்தில் அதைக் காக்க ஒரு காவலாளி. மெக்கானிக்குப் பதினோராவது வரிசையில் இடம். நாற்காலியில் 'பயனாளி' என்று அட்டை வைத்திருந்தார்கள். தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த ஆணையம் வருவதற்கு முன்னால் நம் மக்கள் எப்படி இருந்தார்கள்? விழா வந்தால் கொண்டாடினார்கள். ஏன் கொண்டாடுகிறாய் என்று கேட்டால் சிரித்தார்கள். பொறுப்பற்ற சிரிப்பு. இந்த எட்டு மாதத்தில் நாங்கள் பதினான்கு விழாக்களுக்கு அர்த்தம் வழங்கியிருக்கிறோம். அவற்றில் பதினொன்றை இப்போது யாருமே கொண்டாடுவதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அர்த்தம் புரிந்துவிட்ட பிறகு கொண்டாட வேண்டிய அவசியம் என்ன? மிச்சம் மூன்றையும் அடுத்த வருடத்துக்குள் முடித்துவிடுவோம்."

கைதட்டல். தலைவர் கையமர்த்தினார்.

"இன்றைய விழா கருவிகளுக்கானது. நான் என் வாழ்நாளில் எந்தக் கருவியையும் கையால் தொட்டவன் அல்ல. பேனாவைக்கூட அடுத்தவர் திறந்து கொடுத்துத்தான் வாங்குவேன். ஆகவே கருவிகளைப் பற்றி விருப்பு வெறுப்பு இல்லாமல் பேச என்னைவிடத் தகுதியானவர் இல்லை." இதைச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். அதற்குப் பின் நிபுணர், பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் இடையே உள்ள மெல்லிய கோட்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். பதினோராவது வரிசையில் பயனாளி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்.

விழா முடிந்து தலைவர், செயலாளர், நிபுணர் மூவரும் கழுத்தில் மாலையோடு லிப்ட்டில் ஏறினார்கள். காலியான டீ கேனைத் தூக்கிக்கொண்டு டீக்கார அக்காவும் கடைசி நொடியில் உள்ளே நுழைந்தார். லிப்ட் கிளம்பியது. ஆறு, ஐந்து என்று இறங்கியது. நான்காவது மாடியில் சாமந்தியும் ஜிகினாவும் அடைத்துக்கொண்டு, வாசல் கதவு ஒட்டியும் ஒட்டாமலும் நின்றிருந்தது. லிப்ட் பக்கத்தில் வந்ததும் அந்த அதிர்வில் ஒரு விரல் அகலம் விலகியது. லிப்ட் அந்த மாடித் தரையிலிருந்து அரை ஆள் உயரத்தில் நின்றுவிட்டது.

மெக்கானிக் படியில் இறங்கி ஓடிவந்தார். அவர் மனைவியும் சத்தம் கேட்டுக் கீழேயிருந்து ஏறி வந்தாள். இடுக்கு வழியாகத் தலைவரின் ஷூ தெரிந்தது.

"யாருப்பா அங்க? சீக்கிரம் திற."

"திறக்கற சாவி பெட்டில இருக்குங்கய்யா. கையால சுத்தி இறக்கலாம்னா மிஷின் ரூம் சாவியும் பெட்டிலதான். மும்மூர்த்தியும் முக்தியும்."

உள்ளே யாரோ பொத்தான்களை எல்லாம் அமுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"லிப்ட் கம்பெனிக்குப் போன் பண்ணேன்" என்று மெக்கானிக் தொடர்ந்தார். "இன்னைக்கு எல்லாக் கருவிக்கும் பூஜையாம். நாளைக்குக் காலைல வராங்களாம்."

"தீயணைப்பு வண்டியக் கூப்பிடட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

"கூடாது" என்று தலைவரின் ஷூ பதறியது. "ஆணையத் தலைவர ஆயுத பூஜை அன்னைக்கு ஏணி வெச்சு இறக்கினாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா என்ன அர்த்தம்?"

"நான் சொல்லட்டுமா?" என்று நிபுணர் ஆரம்பித்தார்.

"வேணாம்" என்றார் தலைவர். "முத்திரைய உடைச்சு சாவிய எடுங்கப்பா. நான் சொல்றேன்."

இப்போது செயலாளரின் குரல் கேட்டது. பயத்திலும் அந்தக் குரல் ஒழுங்காக இருந்தது. "ஐயா, வாய்மொழியா உடைக்க முடியாதுங்க. படிவம் பத்தொன்பது வேணும். காவலாளி அது இல்லாம பெட்டியத் தொட விடமாட்டான். நான்தான் அப்படி உத்தரவு போட்டேன்."

மெக்கானிக்கின் மனைவி மூன்று மாடி ஏறிப் படிவம் பத்தொன்பதை வாங்கி வந்து இடுக்கில் நுழைத்தாள். உள்ளே செயலாளர் பேனாவைத் திறந்து கொடுத்திருக்க வேண்டும். கையெழுத்தோடு வெளியே வந்தது. அவள் மறுபடி ஏறினாள். காவலாளி படித்துவிட்டு, ரப்பர் முத்திரை இல்லையே என்று திருப்பி அனுப்பினான். முத்திரை, தலைவர் அறை அலமாரியில். அலமாரிச் சாவி, தலைவர் பாக்கெட்டில். தலைவர் சாவியை எடுத்து இடுக்கு வழியாக நீட்டினார். எந்தப் பொருளையும் தன் கையால் எடுத்துக் கொடுத்துப் பழகாதவர். சாவி விரலை விட்டு நழுவி, கதவுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து, மாடிக்கு ஒரு 'டிங்' என்று சத்தம் எழுப்பிக்கொண்டே போய், அடிக்குழியில் அடங்கியது.

"குழிக் கதவு திறக்கறதுக்கும் முக்கோணச் சாவிதாங்க வேணும்" என்றார் மெக்கானிக். அவர் குத்திக் காட்டவில்லை. நிலவரத்தைச் சொன்னார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நான் கையெழுத்துப் போட்டாத்தானே பெட்டிய விடுவிப்பாங்க?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்கய்யா. மேடையில, நேர்ல" என்றார் செயலாளர்.

"நான் இங்க இருக்கேன்யா."

"அதுக்குப் பிரிவு எதுவும் இல்லீங்கய்யா."

அந்த மூவர் மட்டும் என்றால், கருவிகளோடு சேர்ந்து அவர்களும் நாளை காலைவரை ஓய்வெடுக்கட்டும் என்று மெக்கானிக் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, எனக்கு முட்டி வலி. நிக்க முடியல. கேன் மேல உக்காந்திருக்கேன். இந்த ஐயா என்னடான்னா கேன் எதன் குறியீடுன்னு கேக்குறாரு."

மெக்கானிக் குனிந்து கதவுப் பள்ளத்தைப் பார்த்தார். சாமந்தி நசுங்கி ஜிகினாவோடு பசைபோல் இறுகியிருந்தது. இதை எடுத்தால் கதவு சாத்தும். கதவு சாத்தினால் லிப்ட் தானாக இறங்கும். இதற்குப் பெட்டியும் வேண்டாம், மும்மூர்த்தியும் வேண்டாம். ஒரே ஒரு சாமான் போதும். அது வீட்டில் தையல் மிஷின் மேல், முதுகில் குங்குமத்தோடு படுத்திருக்கிறது.

பதினெட்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பூஜை வைத்த சாமானை அன்றைக்கே தொட்டதில்லை. ஆணையத்தின் தடை அவருக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. அது அர்த்தமுள்ளவற்றுக்கு. ஆனால் இது அவர் தானாகக் கொடுத்த ஓய்வு. கொடுத்துவிட்டுப் பிடுங்குவதா?

மனைவியைப் பார்த்தார். "பூ வெச்சாச்சே" என்றார்.

"வெச்சா என்ன? அது சும்மா கிடக்கணும்னா வெச்சோம்? நல்லா இருக்கணும்னு வெச்சோம். அக்கா முட்டி வலிக்குதுன்னு சொல்லும்போது எடுக்காம வெச்சிருந்தா, அதுக்கே வருத்தமா இருக்கும். இருங்க, எடுத்துட்டு வரேன்."

அவள் கொண்டுவந்தாள். மெக்கானிக் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு மன்னிப்பு மாதிரி முணுமுணுத்தார். பிறகு தரையில் குப்புறப் படுத்து, பள்ளத்துக்குள் பிரஷை விட்டுத் தேய்த்தார். நசுங்கிய சாமந்தி வந்தது. ஜிகினா வந்தது. நான்காவது பிரிவு முழுக்க வெளியே வந்தது. கதவைத் தள்ளினார். டக் என்று சாத்திக்கொண்டது. உள்ளே மோட்டார் உறுமியது. லிப்ட் இறங்கிப் போய்த் தரைத்தளத்தில் நின்று, கதவைத் திறந்தது. முதலில் டீக்கார அக்கா வெளியே வந்தார். மூவரையும் திரும்பிப் பார்த்து, "உள்ள காத்து மட்டுமில்ல, காதும் அடைச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார்.

தலைவர் தப்பித்த சந்தோஷத்தில், படியிறங்கி ஓடிவந்த மெக்கானிக்கின் தோளைத் தட்ட வந்தவர், அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். குங்குமப் பொட்டு வைத்த பல் பிரஷ். செயலாளரும் பார்த்தார். "அந்தக் கோணலுக்கும் வீட்ல பொட்டு வெச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பேனா மூடியைத் திறந்தார்.

மறுநாள் காலை விளக்கம் கோரும் அறிவிப்பு மெக்கானிக் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. அர்த்தமற்றது என்று அறிவிக்கப்பட்ட கருவி வேலை செய்தது எப்படி? அதற்கு அர்த்தம் இருந்திருப்பின், ஆய்வின்போது அதை மறைத்தது ஏன்? அனுமதியின்றி வீட்டில் பூஜை வைக்கப்பட்ட கோண ஸ்பானரின் அர்த்தம் யாது? நாற்பது சொற்களுக்குள் பதிலளிக்கவும்.

"என்ன எழுதப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியல" என்றார். முதலில் முதல் வேலையைச் செய்தார். கோண ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், ஓடாத லிப்ட்டின் கதவில் நான்கு வருடமாகத் தளர்ந்து கிடந்த ஒரு பெரிய நட்டை முடுக்கினார். துருவும் கிரீஸுமாகக் கை இரண்டும் கறுத்துப் போயிற்று. மணி பத்து ஆகிவிட்டது. கழுவ நேரமில்லை. அப்படியே ஏழாவது மாடிக்குப் போனார்.

தலைவர் பெட்டியை விடுவித்துக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் அறிவிப்பை மேஜை மேல் விரித்து, பேனாவை நீட்டினார்.

"முதல் கேள்வி. அர்த்தம் இல்லாதது எப்படி வேலை செஞ்சுது?"

"மத்த இருபத்திரண்டுக்கும் அர்த்தம் இருந்துச்சுங்க. பெட்டிய விட்டு வர முடியல. இதுக்கு எதுவும் இல்ல. வேலை செய்ய வந்துடுச்சு."

செயலாளர் எழுதினார். எழுதிய பிறகுதான் யோசித்தார்.

"ரெண்டாவது. அந்தக் கோணல் ஸ்பானர். அர்த்தம் இங்க எழுதுங்க."

மெக்கானிக் பேனாவைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். பேனாவை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, அர்த்தம் எழுத வேண்டிய கட்டத்தின் மேல் அழுத்தி எடுத்தார். கட்டம் கொள்ளாமல், காகிதம் முழுக்கக் கறுப்பாகப் பதிந்தது.

"என்னப்பா இது?" என்றார் தலைவர்.

"எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்கய்யா."

தலைவர் குனிந்து, ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பத்து."

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் ரெண்டு கையும் சக்கரத்துக்குள்ள இருந்துச்சு. அந்த ஸ்பானர் குறுக்க போயி வளைஞ்சுது. அது வளையலன்னா நீங்க இப்ப எண்ணியிருக்கவே வேணாம். அதாங்கய்யா அதுக்கு அர்த்தம்."

நிபுணர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். விரல்களை ஒரு தடவை எண்ணினார். மூடிக்கொண்டார். தலைவர், தொட்டு எண்ணியதில் தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துடைத்துக்கொள்ளவில்லை.

செயலாளர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். முதல் தடவை பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். முத்திரை குத்த வழியில்லை. அலமாரிச் சாவி இன்னும் குழியில் கிடந்தது. ஆகவே பேனாவை எடுத்து, பத்து விரல்களுக்கும் கீழே இருந்த கொஞ்சம் வெள்ளை இடத்தில், தன் கையாலேயே எழுதினார்: "நாற்பது சொற்களுக்குள் இருக்கிறது. ஏற்கப்பட்டது."